தாய்ப்பலகைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

மகனுக்கோ மகளுக்கோ திருமணம் பேசத் தொடங்கும்போது சாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பத்துப் பொருத்தமும் பார்க்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் இருந்து வருகிறது. அதில் நம்பிக்கை உள்ளவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு. அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதில்லை. ஆயின், இல்லத்தில் இரண்டாவதாக ஒரு கணிப்பொறி அமைக்க எண்ணுவோர், அதற்குரிய தாய்ப்பலகையைப் பொருத்தம் பாராமல் வாங்கினால் பணமும் போகும், மனமும் நோகும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. கடைகளில் மதர்போர்டு என்று வழங்குவதையே தாய்ப்பலகை என்கிறோம். பட்டறிந்து உணர்ந்த இவ்வுண்மையை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் இல்லம் காரோட்டில் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தின் எல்லையோரச் சிற்றூர்களுள் ஒன்று காரோடு. தொழிலின் பொருட்டு இப்பக்கம் குடிவந்த நம்மவர்க்குக் கடைத்தெரு இரண்டு. ஒருபுறம் களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில். மறுபுறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். முன்னாளில் அமரவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சரக்குக் கொண்டு செல்வதென்றால் வணிகரும் தயங்குவர். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அந்த வணிகவரிச் சாவடிகள் நீங்கின. வரி விகிதமும் இருபுறமும் ஒன்றாயிற்று. எனவே எந்தப் பக்கம் வாங்குவது என்பது நமக்குப் பெரிய கேள்வி அன்று. எதை வாங்குவது என்பதே கேள்வி.

பரணில் இருந்த பழம்பொருள்

எங்கள் பழைய கணிப்பொறி 2017-இல் வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில் இடி இடித்தபோது, இணையக் கம்பி வழியாக மின்னலின் வேகம் உட்புகுந்து தாய்ப்பலகையைக் கெடுத்துவிட்டது. பழுது பார்ப்பவர் ஏனைய உறுப்புகளை வேறொரு பலகையில் பொருத்திச் சோதித்து, "பிராசசரும் ராமும் நன்றாகவே இருக்கின்றன, எறிந்துவிடாதீர்கள்" என்று கூறித் திருப்பித் தந்தார். அப்போதிருந்த அவசரத்தில் வேறொரு புதிய கணிப்பொறியே வாங்கிவிட்டோம். பழையது பரணில் ஏறியது.

இவ்வாண்டு மகள் பிளஸ் டூ வகுப்புக்கு வந்தாள். மகன் பத்தாம் வகுப்பு. அவர்கள் தாய் ஒரு நிறுவனத்தின் கணக்குகளை இல்லத்திலிருந்தே எழுதுபவள். கணிப்பொறி ஒன்று, அதற்கு உரியவர் மூவர். அம்மா கணக்கை முடிக்கும்வரை மகள் காத்திருப்பாள். மகள் எழுந்திருக்கும்வரை மகன் காத்திருப்பான். அவனுடைய முறை வரும்போது இரவு பத்தரை ஆகிவிடும். பாதி நாள் மேசைமேலேயே உறங்கிப் போவான். ஒருநாள், "எனக்கு வேண்டாம் அப்பா, அக்காவே படிக்கட்டும்" என்று அவன் சொன்னபோதுதான், இனியும் பொறுத்தல் தகாது என்று உணர்ந்தோம். புதிய கணிப்பொறி வாங்கப் பொருள் இல்லை. சீட்டில் மிச்சம் பிடித்த தொகை ஐயாயிரம் ரூபாய் இருந்தது. பரணில் இருப்பதற்கு ஒரு தாய்ப்பலகை மட்டும் வாங்கினால் போதுமே என்று கணக்குப் போட்டோம்.

கணக்குத் தவறன்று, வாங்கிய முறைதான் தவறு. பழைய பெட்டியைத் திறந்து பார்த்தபோது, பிராசசர் அமரும் சாக்கெட்டின் எண் 1151 எனத் தெரிந்தது. அவ்வெண்ணை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். 1151 பலகை வேண்டும் என்றோம். கடைக்காரரும் 1151 பலகையே தந்தார். எச் 310 என்னும் வகை, புதியது, மூன்றாண்டு உத்தரவாதம், விலை நாலாயிரத்து அறுநூறு ரூபாய். வீட்டுக்கு வந்து பொருத்தினோம். பிராசசர் தன் இடத்தில் செவ்வையாக அமர்ந்தது. மின்சாரம் கொடுத்தவுடன் விசிறி சுழன்றது. திரை மட்டும் இருண்டே இருந்தது. ராமைக் கழற்றி மாட்டினோம். கம்பிகளை மாற்றிப் பார்த்தோம். மூன்று இரவுகள் சென்றன. மகன் அருகிலேயே நின்று விளக்குப் பிடித்தான். முடிவில் பழைய பிராசசரே கெட்டுவிட்டது போலும் என்று முடிவு கட்டும் நிலைக்கு வந்துவிட்டோம்.

முன்பு பழுது பார்த்தவரிடமே மறுபடியும் எடுத்துச் சென்றோம். அவர் திருகைக்கூடத் தொடவில்லை. பலகையின் பெயரையும் பிராசசரின் பெயரையும் கேட்டார். பலகை செய்த நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். எங்கள் பிராசசரின் பெயர் அதில் இல்லை. "இரண்டும் நல்லவைதாம் சார், ஆனால் ஒன்றுக்கொன்று ஆகாது" என்றார். பெட்டியின் முத்திரை உடைந்துவிட்டதால் கடையில் திரும்பப் பெறவும் மறுத்துவிட்டனர்.

ஒரே எண், இரு குலம்

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் இதே வலையில் வீழ்வோர் பலர்.

இன்டெல் நிறுவனத்தின் சாக்கெட்டுகளுக்கு வழங்கும் எண், அச்சாக்கெட்டில் உள்ள தொடுமுனைகளின் தொகையாகும். 1151 முனைகள் இருந்தால் 1151 சாக்கெட். எண் ஒன்றாயின் வேலையும் ஒன்று என்றே எவரும் நினைப்பர். ஆனால் 2015-இல் இச்சாக்கெட் வந்தபோது, அது ஆறாம் தலைமுறைப் பிராசசருக்காக அமைக்கப்பட்டது. பின்னர் ஏழாம் தலைமுறையும் அதில் இயங்கியது. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. அதுவரை நான்காக இருந்த உள்மையங்கள் உயர்வகைகளில் ஆறாயின. அவற்றுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டியிருந்தமையால், முன்பு வெறுமனே விடப்பட்டிருந்த முனைகள் சிலவற்றை மின்சாரம் செலுத்துவதற்கென மாற்றி அமைத்தனர். எண் மாறவில்லை, உருவமும் மாறவில்லை, உள்ளே ஓடும் மின்னோட்டத்தின் வழி மாறிவிட்டது.

ஆகவே பலகையில் சாக்கெட்டை மட்டுமன்றிச் சிப்செட் என்னும் துணைச் சில்லின் பெயரையும் பார்த்தல் வேண்டும். எச் 110, பி 150, எச் 170, இசட் 170 என்பனவும், பி 250, எச் 270, இசட் 270 என்பனவும் ஆறு, ஏழாம் தலைமுறைகளுக்கு உரியவை. எச் 310, பி 360, பி 365, இசட் 370, இசட் 390 என்பன எட்டு, ஒன்பதாம் தலைமுறைகளுக்கு உரியவை. எங்களுடையது ஐ 5 7400 என்னும் ஏழாம் தலைமுறைப் பிராசசர். நாங்கள் வாங்கியதோ எட்டாம் தலைமுறைக்கு உரிய பலகை. ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில் ஒன்றுக்குச் சீட்டு வாங்கி மற்றொன்றில் இறங்கிய கதையாயிற்று.

பிராசசரின் தலைமுறையை அறிவது கடினமன்று. மேலிருக்கும் விசிறியைக் கழற்றி, பசையை மெல்லத் துடைத்தால், உலோக மூடியின்மேல் பெயர் பொறித்திருக்கும். ஐ 3, ஐ 5, ஐ 7 என்பதற்குப் பின்வரும் எண் நான்கு இலக்கமாயின் முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கமாயின் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறை. 7400 ஏழாம் தலைமுறை. 12100 பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு 1155 சாக்கெட், நான்காவதற்கு 1150, பத்து, பதினொன்றுக்கு 1200, பன்னிரண்டு முதல் பதினான்கு வரை 1700. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851.

ஏ.எம்.டி. பிராசசர் வைத்திருப்போர் நிலை ஓரளவு எளிது. ரைசன் பிராசசர்கள் 2017-இல் வந்தது முதல் பல தலைமுறைகள் ஏ.எம். 4 என்னும் ஒரே சாக்கெட்டில் இயங்கின. எனினும் அங்கும் பட்டியல் பாராமல் வாங்கலாகாது. பலகையின் உள்ளே பயாஸ் என்றொரு அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு உண்டு. பழைய பலகையில் பழைய பயாஸ் இருந்தால், பிற்காலத்துப் பிராசசரை அது அறிந்துகொள்ளாது. புதுப்பித்த பிறகே ஏற்றுக்கொள்ளும். சில பலகைகளில் பிராசசர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கலாம். ஏனையவற்றில், பலகை முன்பே அறிந்த வேறொரு பிராசசரைப் பொருத்தித்தான் அவ்வேலையைச் செய்ய இயலும். இன்டெலிலும் இது உண்டு. 2015-இல் செய்த எச் 110 பலகையில் ஏழாம் தலைமுறைப் பிராசசரை வைப்பதாயின், பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 சாக்கெட் 2022-இல் வந்தது, ஏ.எம். 4 பிராசசர் அதில் அமராது.

ஏனைய பொருத்தங்கள்

பிராசசரும் பலகையும் ஒத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, ராம். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் மூன்று வகைகளும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக நுழையா. ஒவ்வொன்றிலும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் உள்ளது. நுழையாததை அழுத்தினால் உடையும். 1151 பலகைகளிலேயே டி.டி.ஆர். 3 ஏற்பன சில உண்டு. 1700 பலகைகளில் டி.டி.ஆர். 4 ஏற்பனவும் டி.டி.ஆர். 5 ஏற்பனவும் தனித்தனியே விற்கின்றன. ஏ.எம். 5, 1851 ஆகியவை டி.டி.ஆர். 5 மட்டுமே ஏற்கும். மடிக்கணினியின் ராம் குட்டையானது. மேசைக் கணிப்பொறிக்கு அது உதவாது.

இரண்டாவது, பெட்டி. கேபினட் என்று நாம் கூறும் அப்பெட்டியில் எந்த அளவுப் பலகை அடங்கும் என்று அளந்து பார்த்தல் வேண்டும். ஏ.டி.எக்ஸ். பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மிகுதியாகப் போனால் 244-க்கு 244, மினி ஐ.டி.எக்ஸ். 170-க்கு 170. பலகையைத் தாங்கும் பித்தளைக் கால்கள் பலகையின் துளைகளுக்கு நேரே மட்டும் இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒரு கால் நின்றால், அது பலகையின் அடிப்புறத்தைத் தொட்டு மின்கசிவை உண்டாக்கும்.

இதிலே ஓர் எச்சரிக்கை. அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த பெருநிறுவனக் கணிப்பொறிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் பலகையின் வடிவமும் மின்செருகியும் அந்நிறுவனத்துக்கே உரிய தனிமுறையில் அமைந்தவை. அத்தகைய பெட்டியில் பொதுச்சந்தைப் பலகை அமராது. அத்தகைய பலகையும் பொதுப் பெட்டியில் அமராது. முழுக் கணிப்பொறியாக வாங்கினால் அது நல்ல பொருள். உறுப்பைப் பிரித்து வாங்கினால் தொல்லை.

மூன்றாவது, எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. பலகைக்கு 24 முனைச் செருகி ஒன்றும், பிராசசருக்கு அருகே நான்கு அல்லது எட்டு முனைச் செருகி ஒன்றும் வேண்டும். எங்கள் பிராசசர் 65 வாட் அளவினது. சிறிய மின்வழங்கியே போதும். ஆயினும் மின்னல் தாக்கிய மின்வழங்கியைச் சோதிக்காமல் புதுப்பலகையில் மாட்டுதல் அறிவுடைமை ஆகாது.

நான்காவது, திரை. பலகையின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதனாலேயே படம் வந்துவிடாது. படத்தை ஆக்கும் ஆற்றல் பிராசசருக்குள் இருத்தல் வேண்டும். இன்டெல் பெயரின் இறுதியில் எஃப் என்னும் எழுத்து இருந்தால் அவ்வாற்றல் இல்லை என்பது பொருள். ஏ.எம். 4 ரைசன்களில் ஜி என்னும் எழுத்து இல்லாதவை பெரும்பாலும் அத்தகையவே. அவற்றுக்குத் தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்க நேரும். மிச்சம் பிடித்த தொகை அதிலே போய்விடும். பழைய திரையில் வி.ஜி.ஏ. துளை மட்டுமே இருப்பின், பலகையிலும் அஃது உண்டா எனக் காண்க.

ஐந்தாவது, இயக்க மென்பொருள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் வகுத்த தகுதி, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அப்படியாயின் ஏழாம் தலைமுறைப் பிராசசருக்குப் பணம் செலவிடுவது வீணன்றோ என்று கேட்கலாம். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை வீணன்று. கேரளத்து அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் கைட் நிறுவனம் வழங்கும் குனு லினக்ஸ் மென்பொருளிலேயே கணிப்பொறிப் பாடம் நடைபெறுகிறது. அது விலையின்றிக் கிடைப்பது. பழைய பொறியிலும் தடையின்றி ஓடுவது. வகுப்பில் காணும் திரையையே வீட்டிலும் காண்பது பிள்ளைக்கு நன்மையன்றோ? நிறுவனக் கணக்கு எழுதும் அம்மாவுக்கு விண்டோஸ் வேண்டுமாயின் அது புதிய கணிப்பொறியில் இருக்கட்டும்.

பழைய பலகை வாங்குவோர்க்கு

ஆறு, ஏழாம் தலைமுறைகளுக்கான பலகைகளை நிறுவனங்கள் வெளியிட்ட காலம் கடந்துவிட்டது. ஆகவே பெரும்பாலும் ஒருவர் பயன்படுத்திய பலகையையே தேட வேண்டியிருக்கும். இன்டெல் பலகையில் நுண்ணிய ஊசிகள் சாக்கெட்டிலேயே உள்ளன. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஊசிகள் வரிசை பிசகாமல் மின்ன வேண்டும். ஓரிடத்தில் நிழல் விழுந்தால் ஊசி வளைந்துள்ளது என அறியலாம். உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருத்தலாகாது. எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. நம் பிராசசரையும் ராமையும் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே பொருத்தித் திரையில் எழுத்து வருவதைக் கண்ணாரக் கண்ட பின்பே பணத்தை எடுத்தல் வேண்டும். ரசீது கேட்க வெட்கப்படலாகாது. ஒரு வாரமேனும் மாற்றித் தருவதாக ரசீதில் எழுதி வாங்குதல் நலம்.

நாங்கள் அவ்வாறே செய்தோம். பழுது பார்ப்பவர் துணையோடு திருவனந்தபுரத்தில் பி 250 பலகை ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினோம். கடை மேசையின்மேலேயே திரை ஒளிர்ந்தது. அன்றிரவு எட்டு மணிக்கு மகன் தன் பாடத்தைத் தொடங்கி, ஒன்பதரைக்கு முடித்துவிட்டு உறங்கச் சென்றான். மகளும் தன் இடத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வேளையில் படித்ததை நெடுநாளைக்குப் பின் கண்டோம்.

ஒரு வேண்டுகோள்

எஞ்சியது அந்த எச் 310 பலகை. நாலாயிரத்து அறுநூறு ரூபாய் அலமாரியில் கிடக்கிறதே என்று அதைக் காணுந்தோறும் மனம் உறுத்திற்று. சென்ற திங்கள் சங்கக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் இதைக் கூறியபோது, பாறசாலையிலிருந்து வந்த அன்பர் ஒருவர், தம் வீட்டில் எட்டாம் தலைமுறைப் பிராசசர் ஒன்று பலகை பழுதாகிச் சும்மா கிடப்பதாகச் சொன்னார். மறுநாளே பட்டியலைப் பார்த்தோம், பெயர் இருந்தது. பாதி விலைக்குப் பலகை அவர் இல்லம் சென்றது. அவர் மகளும் இப்போது அதில் படிக்கிறாள்.

இதிலிருந்து எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படிப் பரணில் உறங்கும் உறுப்புகள் இருக்கக்கூடும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் இல்லத்தில் உள்ள பிராசசரின் பெயர், பலகையின் பெயர், ராமின் வகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டு வாருங்கள். சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். ஒருவர்க்கு மிகையானது மற்றொருவர்க்குத் தேவையாக இருக்கலாம். கடைக்குச் செல்லுமுன் அக்குறிப்பேட்டையும் பலகை நிறுவனத்தின் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டால், எங்களுக்கு நேர்ந்த இழப்பு இன்னொரு குடும்பத்துக்கு நேராது.

இறுதியாக ஒன்று. இடிமழைக் காலம் நம் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. சித்திரை வைகாசியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. வானம் இருளத் தொடங்கினாலே மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். எங்கள் இல்லத்தில் இப்போது அவ்வேலை மகனுடையது. முதல் இடி கேட்குமுன்பே இரண்டு கணிப்பொறிகளின் கம்பிகளையும் கழற்றி வைத்துவிட்டு, "எடுத்துவிட்டேன் அப்பா" என்று வந்து சொல்கிறான்.